வரியை நிறுத்தச் சொல்லி நான் எழுதிய கடிதம்

இங்கிலாந்தில் முதல் சம்பளத் துண்டைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டாயிரத்தின் ஆரம்ப வருஷங்கள். முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை. பேசிய சம்பளத்தில் கால்வாசிக்குக் கிட்ட காணோம். எதற்கு என்று பார்த்தால் வரியாம்.

சம்பளத்தில் வெட்டு எனக்குப் புதிதில்லை. இலங்கையில் நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அம்மா கொழுந்து பறித்த காலமெல்லாம் தொழிற்சங்கச் சந்தா, கோயில் திருவிழா, டோபி, முடி வெட்டுகிறவர் என்று வரிசையாகப் பிடித்தார்கள். அம்மா வாழ்நாளில் முடியே வெட்டியதில்லை, அதற்கும் பிடித்தார்கள். ஆனால் சங்கத்தின் மேல் கோபம் வந்தால் வழி இருந்தது. எதிர்ச் சங்கத்தின் படிவத்தில் கையெழுத்து வைத்தால் பழைய சந்தா நின்றுவிடும். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இரண்டு மூன்று தடவை சங்கம் மாறாத வீட்டை ரோஷம் இல்லாத வீடு என்பார்கள்.

எனக்கு ரோஷம் உண்டு. சம்பளம் போடுகிற பெண்ணுக்கு முறையாகக் கடிதம் எழுதினேன். ‘இந்த வரிக்காரர்களால் எனக்கு இதுவரை ஒரு நன்மையும் இல்லை. அடுத்த மாதத்திலிருந்து என் பெயரை நீக்கிவிடவும். வேறு ஆட்கள் இருந்தால் அவர்களுடைய படிவத்தை அனுப்பவும்.’

அவள் படித்தாள். பக்கத்து மேசைக்காரியையும் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்துக் கண்ணைத் துடைத்த பிறகு, இது அரசாங்கம் பிடிப்பது, இதிலிருந்து யாரும் விலக முடியாது, ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் வயதானவர்களின் மாதக் காசும் இதிலிருந்துதான் என்று விளக்கினாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

வெட்கம் கிடக்கட்டும், அம்மாவுக்கு என்ன சொல்வது? வேலையை விட்டபோது கிடைத்த ஈ.பி.எஃப். சேமிப்புக் காசு முழுவதையும் ஏஜென்சிக்காரனிடம் கொட்டித்தான் என்னை விமானம் ஏற்றியிருந்தாள். மாதம் இவ்வளவு அனுப்புவேன் என்று நானும் வாய் கிழியச் சொல்லியிருந்தேன். குறைத்து அனுப்பியதும் போனில் நேராகவே கேட்டாள்.

“அங்க எவனாவது இருக்கானாடி?”

வரி என்றேன்.

“அந்தக் கதைய வேற யாருகிட்டயாவது சொல்லு” என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் பேசவில்லை. பெற்றவளே என்னைத் திருடி என்று நினைத்தாளே என்பது இன்றைக்கும் வலிக்கிறது.

முதல் லீவுக்கு வரும்போது சாக்லேட்டைவிடப் பத்திரமாகச் சம்பளத் துண்டுகளைக் கொண்டுவந்தேன். பதுளையில் பஸ் மாறி வீட்டுக்குப் போனதும், தேத்தண்ணிகூடக் குடிக்காமல், எல்லாவற்றையும் அம்மாவின் முன்னால் பரப்பினேன். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் சம்பளத்தில் எங்கே வெட்டியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒவ்வொரு துண்டிலும் விரலைச் சரியாக அங்கேயே வைத்தாள்.

“நீ சொன்னது நெசந்தான்” என்றாள். “இம்புட்டையும் புடிச்சி யாருக்குக் குடுக்குறாங்க?”

“ஆஸ்பத்திரிக்கு, பள்ளிக்கூடத்துக்கு. வயசானவங்களுக்கு மாசா மாசம் காசும் குடுக்குறாங்கம்மா.”

“நீ குளிப்பாட்டி விடுற கெழவிங்களுக்குமா?”

“ஆமாம்மா.”

துண்டுகளை ஒழுங்காக அடுக்கி என் கையில் கொடுத்தாள். அவள் முகத்தில் சந்தேகம் போயிருந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

“நான் பறிச்ச கொழுந்தும் அந்த ஊருக்குத்தான் போகுதுன்னு சொல்லுவாங்க. முப்பது வருஷம் பறிச்சேன்” என்றாள் அம்மா. “எனக்கு அந்த மாசக் காச யாருகிட்டடி கேக்கணும்?”