ஒரு பாதம் பார்த்த ஊர்கள்

எழுபதுகளில் ஒரு கோடைப் பகல். கும்மிடிப்பூண்டி ரயிலில் என் எதிரே உட்கார்ந்திருந்தவர் பழவேற்காட்டு மீனவர். நாற்பது வயதிருக்கும். உப்புக்காற்றில் கறுத்த உடம்பு. வலது உள்ளங்கால் மட்டும் கைக்குழந்தையுடையதுபோல மிருதுவாக இருந்தது. கணுக்காலில் புதுத் தழும்பு. புதுச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, வண்டி நின்ற இடமெல்லாம் வெறுங்காலோடு இறங்கி நின்றார்.

அத்திப்பட்டில் பிளாட்பாரம் கொதித்தது. "செருப்பைப் போட்டுக்குங்க, கால் வெந்துடும்" என்றேன்.

"வேவட்டும் சார். பொறந்ததுலேர்ந்து கோணக்காலு, பொறங்கால ஊனித்தான் நடந்தேன். மெட்ராஸ்ல எலும்ப அறுத்து நிமித்தி வச்சாங்க. மாவுக்கட்டு இப்பத்தான் பிரிச்சாங்க. இந்த உள்ளங்காலுக்குத் தரைன்னா இன்னான்னே தெரியாது. அதான், ஒவ்வொரு ஊரா காட்டிக்கினு போறேன்."

பழவேற்காட்டுக்குப் போக அவர் இறங்க வேண்டிய பொன்னேரியில், எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு வண்டி நின்றது. அவர் இறங்கி, குழாயடியில் கால் நனைத்து, மெல்ல நடந்தார். சற்றுத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். சிமெண்டுத் தரையில், குதிகாலும் ஐந்து விரலுமாக, அவருடைய வலது பாதம் ஈரமாய்ப் பதிந்திருந்தது.

வண்டி நகர்ந்தபோது, அதை மிதிக்க வந்த ஒருவரை அவர் கைநீட்டி நிறுத்திக்கொண்டிருந்தார்.