கனகாம்பரம் கேட்ட வீடு

சுரண்டைப் பக்கம் மிளகாய்க் காட்டில் வளர்ந்த முத்துவடிவு, ஐம்பத்து மூன்றாம் வருஷம் தென்காசிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். புருஷன் சிவசைலத்துக்குக் கோயில் பக்கம் பூக்கடை. கடைதான் அங்கே, பூவெல்லாம் வீட்டில். காலையில் வரும் கூடைகளை நடுக்கூடத்தில் கவிழ்த்து, ஈரச் சாக்கு போர்த்தி, சுற்றி உட்கார்ந்து எல்லோரும் வாழைநாரில் தொடுப்பார்கள். பிச்சி, மல்லிகை, சம்பங்கி, மருக்கொழுந்து. மிளகாய் நெடியில் தும்மித் தும்மி வளர்ந்த பெண்ணுக்கு அது சொப்பனத்தில் குடித்தனம் நடத்துவது போல இருந்தது. துவைத்துக் காயப்போட்ட சேலை மணந்தது. குடிக்கிற தண்ணீர் மணந்தது.

அந்த ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு காலை, அவள் விரலிடையே இருந்த பிச்சி மொட்டு பாதிதான் தெரிந்தது. கண்ணைக் கசக்கினாள். பார்வையின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெளிச்சம் முளைத்திருந்தது. வெயில் பட்ட வாய்க்கால் தண்ணீர் போல நெளிந்தது. ரம்பப் பல்லாக மடிந்து மடிந்து, பிறைபோல் வளைந்து, மெல்லப் பெரிதாகியது. எதிரே உட்கார்ந்திருந்த மாமியார் பேராச்சியின் முகத்தில் மூக்குத்தி இருந்தது. அந்தப் பக்கத்துக் கண் இல்லை. முத்துவடிவுக்குப் பயம் வரவில்லை. இத்தனை அழகாக ஒன்றை அவள் பார்த்ததே கிடையாது. வாயைத் திறந்தால் கலைந்துவிடும் என்பது போலப் பேசாமல் இருந்தாள்.

வெளிச்சம் தானாகக் கலைந்தது. அதற்குப் பிறகு இடது நெற்றிப்பொட்டில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்தினார்கள். அழுத்தம் இடியாயிற்று. தெருவில் போன மாட்டு வண்டியின் சத்தம் தலைக்குள் உருண்டது. பூக்குவியலின் வாசம் தொண்டை வரை வந்து அடைக்க, எழுந்து ஓடிப்போய் முற்றத்தில் வாந்தி எடுத்தாள். மறுநாள் காலையில்தான் தலையைத் தூக்க முடிந்தது.

பேராச்சி நல்ல சேதியோ என்று நினைத்தாள். அது இல்லை என்று தெரிந்து, மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை இதே கதையானதும், சுக்கை இழைத்துப் பற்றுப் போட்டார்கள். திருநீறு போட்டு மந்திரித்தார்கள். கண்ணாடி வாங்கி மாட்டிவிட்டார்கள். கூடத்துக்குள் போனாலே வலி கூடுகிறது, பூவாசம்தான் ஆகவில்லை போல என்று முத்துவடிவு ஒருநாள் சொன்னபோது பேராச்சியின் முகம் சுருங்கிவிட்டது. சாமிக்குப் போகிற பூவின் மேல் பழி போடாதே என்றாள். அக்கம்பக்கத்தில், பூத்தொடுக்கச் சோம்பல்பட்டுப் படுத்துக்கொள்கிறாள் என்று பேச்சு கிளம்பியது. சிவசைலம் மத்தியானம் சாப்பிட வருவான், இருட்டில் சுருண்டு கிடப்பவளைப் பார்ப்பான், “இன்னைக்குமா?” என்பான், கடைக்குப் போய்விடுவான்.

மறுவருஷம் சாரல் தொடங்கியதும், உச்சந்தலையில் எண்ணெய் வைத்துப் பேரருவியில் நின்றால் எந்தத் தலைவலியும் கழன்றுவிடும் என்று பலரும் சொல்ல, அவளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனான். குளித்த பிறகு சாப்பிடலாம் என்று வெறும் வயிற்றோடு போனார்கள். அருவிக்குள் நின்ற நேரம் அவளுக்கு ஆகாயத்துக்குள் நிற்பது போல இருந்தது. கண்ணைத் திறந்தால் வெள்ளை, மூடினாலும் வெள்ளை. தன் பெயர்கூட எங்கோ இரைச்சலில் கரைந்து ஓடிற்று. வெளியே வந்து ஈரத் தலையோடு சாரல் காற்றில் நின்றபோது, பாறையின் மினுமினுப்புக்குப் பக்கத்தில் இன்னொரு மினுமினுப்பு நெளிய ஆரம்பித்தது.

கோயில் பக்கத்து மண்டபம் ஒன்றில் அவளைக் கிடத்தினான். சாயங்காலம் வரை அவள் கிடந்தாள். முகத்தில் வெளிச்சம் படாமல் துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி அவன் உட்கார்ந்திருந்தான். அவள் நிறம் மாறுவதையும், பல் கிட்டுவதையும், ஒன்றுமில்லாத வயிறு திரும்பத் திரும்பக் குமட்டுவதையும், ஒருவன் பக்கத்தில் வெற்றிலை மடித்த சத்தத்துக்கு அவள் உடம்பு துடிப்பதையும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை அன்றுதான் அவன் பார்த்தான். பஸ்ஸில் திரும்பும்போது, இலஞ்சி தாண்டியபின்,

“வலின்னா எல்லாருக்கும் வர்ற வலின்னுல்லா நெனச்சேன்,” என்றான். “இது வேற என்னமோட்டி.”

அதன்பிறகு அவன் ‘இன்னைக்குமா’ என்று கேட்டதில்லை. அவளைப் பூத்தொடுக்கிற வேலையிலிருந்து எழுப்பிவிட்டான். சாயங்காலம் மூடிபோட்ட கூடையோடு வீடுவீடாகப் போய் முழம் போட்டுக் கொடுக்கிற வேலையை அவளுக்குக் கொடுத்தான். வெளிக்காற்றில் வாசம் அவ்வளவாக ஏறாது என்று அவனே யோசித்திருந்தான்.

பள்ளிவாசல் பக்கத்துத் தெருவில் நூருன்னிசாவின் வீடு. அவள் புருஷனுக்கு ஜவுளிக்கடை. கதவை ஒருக்களித்துத்தான் பேசுவாள். முதல் நாள் கூடையைத் திறக்கப் போனவளைத் தடுத்துவிட்டாள்.

“கனகாம்பரம் மட்டும் போதும் தாயி. பிச்சியெல்லாம் அங்கன தள்ளி வையி. அந்த வாசம் எனக்கு ஆகாது.”

முத்துவடிவு கூடையைத் தூக்காமல் நின்றாள். இந்த வார்த்தையை இன்னொரு வாயிலிருந்து கேட்போம் என்று அவள் நினைத்ததே இல்லை.

“ஒரு பக்கமாவாக்கா இடிக்கும்?” என்று கேட்டாள்.

கதவு முழுசாகத் திறந்தது.

நூருன்னிசா அவளைவிடப் பத்து வயசு மூத்தவள். அவளுக்கு வெளிச்சம் வருவதில்லை. கொட்டாவிதான் வரும், கழுத்து இறுகும், இனிப்பு தின்ன ஆசை வரும். அப்புறம் வலி. பெற்ற பெண் சைதூனைத் தவிர யாருக்கும் தெரியாமல் இத்தனை வருஷம் மறைத்து வைத்திருந்தாள். திருநெல்வேலியில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டியதைச் சொன்னாள். இது உயிரை எடுக்காது, முற்றாக விட்டும் போகாது, பட்டினி கிடக்காதே, தூக்கம் கெடாதே, வருகிற குறி தெரிந்ததும் வேலையைப் போட்டுவிட்டுப் படு என்று அந்த டாக்டரம்மா சொல்லியிருந்தார். நூருன்னிசா வீட்டில் ஜன்னலில்லாத உள்ளறை ஒன்று இருந்தது. ஒரு குறி தட்டுப்பட்டால் சூடாகக் கடுங்காப்பி குடித்துவிட்டு, நெற்றியில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு, அதற்குள் போய்விடுவாள். வெளிச்சத்தைப் பற்றி முத்துவடிவு சொன்னபோது அவள் குழந்தையைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். “எனக்கு அது மாத்திரம் வாய்க்கலையே,” என்றாள் ஏக்கத்தோடு.

பிறகு முத்துவடிவு தன்னையே கவனிக்கத் தொடங்கினாள். பிள்ளை வரம் வேண்டி வெள்ளிக்கிழமை தோறும் பட்டினி இருந்தாள். வலி பெரும்பாலும் சனிக்கிழமையில் வந்தது. இதைச் சொல்ல அவளுக்குப் பயம். உலகம்மன் சன்னதியில் வெகுநேரம் நின்று, மனசுக்குள் உத்தரவு கேட்டுக்கொண்டு வந்து, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எல்லோரும் பார்க்க நாலு இட்லியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பேராச்சி தூணோரம் நின்று பார்த்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை, தட்டை அவளே கொண்டுவந்து வைத்தாள்.

“நீ தின்னு. ஒனக்கும் சேத்து நான் இருந்துக்கிடுதேன்.”

சொன்னபடி பேராச்சி பட்டினி இருந்தாள். இரண்டு வருஷம் கழித்து மகள் அகிலாண்டேஸ்வரி பிறந்தபோது, அது தன் வயிற்றுப் பட்டினிக்குக் கிடைத்த பலன் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். முத்துவடிவும் ஆமாம் என்றே சொன்னாள்.

அறுபத்திரண்டில் சைதூன் பீவிக்குக் கல்யாணம். முந்தைய சில நாட்களாகத் தூக்கம் கெட்டிருந்த நூருன்னிசாவுக்குக் கல்யாணத்தன்று காலை, மாப்பிள்ளை வீட்டார் வருகிற நேரத்தில், கொட்டாவி வந்தது. மாப்பிள்ளைக்கு மல்லிகைச் சரம் கொண்டுவந்திருந்த முத்துவடிவு அந்த முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். கூடையை வாசலில் வைத்துவிட்டு, தானே காப்பி போட்டுக் கொடுத்து, உள்ளறையில் படுக்க வைத்து, கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சொந்தக்காரப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். பெண்ணைப் பெற்றவளைக் காணோமே, என்ன வருத்தம், யாரோடு சண்டை சடவு என்று கேட்டார்கள். பூக்காரி கதவை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை ஒரு கிழவி விரும்பவில்லை. ஏதாவது பொய் சொல்லலாம் என்றுதான் முத்துவடிவு முதலில் நினைத்தாள். உள்ளேயிருந்து ஒரு முனகல் கேட்டது. அதற்குப்பின் பொய் வரவில்லை.

“அவியளுக்கு ஒத்தத் தலைவலி. ரொம்ப வருசமா இருக்கு. எனக்கும் இருக்கு. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, நிக்காவுக்கு எந்திரிச்சு வந்துருவாவ.”

அந்தக் கிழவி முற்றத்தில் விளையாடிய பிள்ளைகளைத் தெருப்பக்கம் விரட்டிவிட்டு வந்து, என் தங்கைக்கும் இப்படித்தான் இருந்தது, நாங்கள் அவளை என்னென்னவோ சொன்னோம் என்றாள். சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் அடங்கிற்று. கல்யாண வீடு தண்ணீருக்கடியில் நடப்பது போல நடந்தது. ஆட்கள் போனார்கள், வந்தார்கள். சேலை சரசரப்பு மட்டும் கேட்டது. உரிய நேரத்தில் நூருன்னிசா எழுந்து வந்தாள். வெளுத்த முகமும் மங்கிய கண்ணுமாக இருந்தாலும், மகளின் தலையில் கைவைக்கிற வேளைக்கு வந்துவிட்டாள்.

அதன்பின் அந்தத் தெருவில் இன்னும் மூன்று பெண்கள் முத்துவடிவின் கூடையை நிறுத்தி, குரலைத் தாழ்த்தித் தங்கள் தலைவலியைப் பற்றிப் பேசினார்கள்.

வலி போகவில்லை. மாதத்துக்கு ஒன்று, சில மாதம் ஒன்றுமில்லை, சில மாதம் சேர்ந்தாற்போல் இரண்டு. ஆனால் அது வரும்போது வீடு அதற்கு வழிவிடப் பழகியிருந்தது. சிவசைலம் கூடைகளைப் புழக்கடைக்கு மாற்றுவான். அகிலா ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு, பாடத்தை உதட்டுக்குள் படிப்பாள். முத்துவடிவு இருட்டில் கிடப்பாள், வெட்கப்படாமல்.

வலி வடிந்த அந்த முதல் நேரம் அவளுக்குப் பிடிக்கும். உடம்பு பஞ்சாக இருக்கும். வெளியே வந்தால் சாரல் முற்றத்தில் விழுகிற ஓசை ஒவ்வொரு துளியாகக் கேட்கும். மேற்கே மலை இப்போதுதான் உண்டாக்கி வைத்தது போலப் பச்சையாக நிற்கும். அப்போது பசிக்கும். சுடுசோறும் பருப்புத் துவையலும் கேட்பாள். அகிலா பிசைந்து கொண்டுவந்து பக்கத்தில் உட்காருவாள். முத்துவடிவு அவசரமில்லாமல் சாப்பிடுவாள்.