பதில் வராத பெட்டியும் என் தொண்டை அடைத்த நாளும்

போன தவக்காலம் முழுக்க வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் திரிந்தேன், என் அன்பான பங்குச் சகோதரங்களே.

நான் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் கொம்பியூட்டர்களைப் பார்க்கிறவள். நோயாளர் விபரமெல்லாம் ஒரு சேர்வரில் இருக்கிறது. ஸ்கான் படங்கள் மட்டும் பின் கட்டடத்தில் வேறொரு பெட்டியில். அந்தப் படப்பெட்டியை வயர் வழியாக இணைத்து, சேர்வர் அதைத் தன் சொந்த அலுமாரி போலப் பாவிக்கும்படி வைத்திருந்தோம்.

தவக்காலம் தொடங்கிய கிழமையிலிருந்து சேர்வர் நினைத்த நேரத்தில் உறைந்து போனது. ஒரு நாள் காலையில், ஒரு நாள் பின்னேரம். திருப்பி இயக்கிப் பார்த்தால் ஒரே வசனம்தான் பதிந்திருக்கும்: படப்பெட்டியிடமிருந்து பதில் இல்லை, இன்னும் முயல்கிறேன். பாவம், அது பதிலுக்குக் காத்து நிற்க, பின்னால் வேலைகள் குவிந்து, மூச்சுத் திணறி விழுந்துவிடும். ஓடிப்போய்ப் படப்பெட்டியைப் பார்த்தால், அது நல்ல பிள்ளை மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். வயரை மாற்றினேன். படப்பெட்டியையே மாற்றினேன். ஒன்றும் சரிவரவில்லை.

எங்கள் நிர்வாகி நல்ல மனுசன். ஆனாலும் இன்னொரு முறை விழுந்தால் இந்த வேலையைக் கொழும்புக் கொம்பனி ஒன்றிடம் கொடுப்பதைத் தவிர வழியில்லை என்று சொல்லிவிட்டார். வேலை போனால் வேறு வேலை தேடி நானும் கொழும்புக்குத்தான் போக வேண்டும். என் மனுசன் மரியதாஸ் மீன்பிடிக்கிறவர், குருநகர்க் கடலை விட்டு வரமாட்டார். அவரைப் பிரிந்திருப்பதை நினைக்கவே எனக்குச் சோறு இறங்கவில்லை.

செபித்தேன். வீட்டில், பஸ்ஸில், சேர்வர் அறையில். என் குரல் உங்களுக்குத் தெரியும்தானே. மைக் இல்லாமலே கோயிலின் கடைசி வாங்கில் இருக்கிறவர்வரை கேட்கும். எந்த வயர் எதில் குத்தியிருக்கிறது என்பதுவரை ஆண்டவருக்கு விளங்கப்படுத்தினேன். ஒரு நாள் மரியதாஸ் பொறுக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

“நீர் வாயை மூடினால்தானே அவர் கதைக்கலாம். கொஞ்சம் இடம் விடுமன்.”

எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு அவருக்கு மீன் பொரிக்கவில்லை. வெறும் சொதிதான்.

அடுத்த நாள் எழும்பினால் தொண்டை அடைத்துவிட்டது. வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் மத்தியானச் செபத்தை ஒலிபெருக்கியில் நடத்துவது நான். அன்றைக்கு எங்கள் மூத்த கன்னியாஸ்திரி பிலோமினா, என் நிலையைப் பார்த்துவிட்டு, எல்லோரும் மௌனமாகச் செபிப்போம் என்று அறிவித்தார். ஆஸ்பத்திரியே அடங்கிப்போனது.

இரண்டு கட்டடங்களுக்கும் நடுவிலுள்ள நடையில் நின்றேன். ஆண்டவரே, சொல்ல இனி என்னிடம் ஒன்றுமில்லை. அவ்வளவுதான் மனசில் வந்தது.

கிணற்றடியில் தண்ணீர் மோட்டர் உறுமியது. அதே நேரம் என் தலைக்கு மேலே ‘டிக்’ என்று ஒரு சத்தம். நிமிர்ந்தேன். இரண்டு கட்டடத்து வயர்களும் வந்து சேரும் சின்னப் பெட்டி ஒன்று சுவரில் இருந்தது. அதன் பச்சை வெளிச்சங்கள் எல்லாம் அணைந்து, ஒவ்வொன்றாகத் திரும்ப எரிந்தன. கொஞ்ச நேரத்தில் பதிவு மேசையிலிருந்து குரல் வந்தது, சேர்வர் நின்றுவிட்டதாம். நான் சந்தோசத்தில் அழுதேன். சிஸ்டர் பயந்துபோனார்.

தவக்காலம் தொடங்கியபோதுதான் கிணற்றுக்குப் புதிதாகப் பெரிய மோட்டர் பூட்டியிருந்தார்கள். அது கிளம்பும்போது கரன்ட் ஒரு கணம் தாழும். சேர்வருக்கும் படப்பெட்டிக்கும் பற்றரி இருந்தது. நடுவில் நின்ற இந்தச் சின்னப் பெட்டிக்கு இல்லை; இது அணைந்து எரிவதற்குள் சேர்வருக்கு வரவேண்டிய பதில் அறுந்துபோகும். தாங்கியில் தண்ணீர் முடிகிற நேரத்துக்கு மோட்டர் போடுவார்கள், அதனால் நேரங்காலம் எனக்குப் பிடிபடவேயில்லை.

நிர்வாகியைக் கையோடு கூட்டிவந்து, மோட்டரை நிறுத்திப் போடும்படி எழுதிக் காட்டி, சைகையால் அந்தப் பெட்டியைக் காட்டினேன். வெளிச்சங்கள் அணைந்து எரிந்ததை அவரும் கண்டார்.

“பிள்ளை, ஒரு பற்றரி இல்லாததுக்கே நான் உம்மை அனுப்பப் பாத்தனான்?”

அன்றைக்கே பற்றரி வைத்தோம். படப்பெட்டி பதில் சொல்லாவிட்டாலும் மற்ற வேலைகள் நடக்கும்படி சேர்வரையும் திருத்தினேன். பிறகு வேண்டுமென்றே வயரைக் கழற்றிப் பார்த்தேன். பதில் இல்லை, இன்னும் முயல்கிறேன் என்றது, ஆனால் விழவில்லை. வயரைக் குத்தியதும் பதில் கிடைத்தது என்று எழுதியது. திரையைத் தொட்டுக் கும்பிட்டேன். அன்றிரவு மரியதாசுக்கு மீன் பொரித்தேன், தலைத்துண்டும் அவருக்குத்தான்.

குரல் திரும்பி வந்துவிட்டது, இன்றைக்கும் சத்தமாகத்தான் செபிக்கிறேன். முடிவில் மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்கிறேன். பதில் வராமல் தவிக்கிற என் சகோதரங்களே, நீங்களும் கேட்பதை விடாதீர்கள். ஆமென் சொன்ன கையோடு எழும்பிப் போய்விடாமல், கொஞ்ச நேரம் அவரோடு சும்மா இருங்கள்.