சனிக்கிழமைத் தேதி

அந்தப் பம்பு கம்பெனியில் அவளுக்கு 'நிதானம்' என்று பெயர். சர்வர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. ஒரு கட்டளையை அடித்தால், என்டர் தட்டுவதற்கு முன் மூன்று முறை படிப்பாள். வீட்டிலும் அப்படித்தான், காஸை மூடினோமா என்று பாதிப் படி இறங்கியவள் திரும்பி ஏறுவாள். "நீ அடுப்பை மூடிட்டு வர்றதுக்குள்ள நான் ஒரு டிரிப் அடிச்சுட்டு வந்துடுவேன்" என்பான் பஸ் ஓட்டும் கணவன். எதையும் சட்டென்று தூக்கிப் போடவும் மாட்டாள். காலாவதியான மாத்திரை அட்டைகூட அலமாரியில் ஒரு மாதம் குடியிருந்துவிட்டுத்தான் குப்பைக்குப் போகும்.

கம்பெனியில் ஐந்து சர்வர்கள். அவற்றில் ஓடிய பழைய இயங்குதளத்துக்கு இனிமேல் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்று விற்றவர்கள் கைவிரித்துவிட்டார்கள். எல்லாவற்றையும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாற்றிவிடலாம் என்று ஆறு மாதமாக மேனேஜரைக் கரைத்தவள் அவள்தான். "முதல்ல டிராயிங் சர்வரை மாத்துங்க. அது சரியா வந்தா மிச்ச நாலும் உங்க பொறுப்பு. கூட மூணு ஆள் தர்றேன்" என்றார் அவர். பதினோரு வருடம் ஒற்றை ஆளாக மாரடித்தவளுக்கு அது சின்ன விஷயமில்லை.

ஒரு சனிக்கிழமை, ஆபீஸ் காலியாக இருந்தபோது, நாற்பதாயிரம் வரைபடக் கோப்புகளைப் புது சர்வருக்கு நகலெடுத்தாள். எண்ணிக்கை சரி, அளவு சரி. பழைய டிஸ்க்கை அன்றைக்கே அழித்துவிட வேண்டும் என்பது கம்பெனி விதி; மீறினால் வேலைக்கே உலை. படிவத்தில் 'அழிக்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டாள். டிஸ்க்கைத் துணியில் சுற்றி, இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். ஒரு மாதம் கிடக்கட்டுமே என்று நினைத்தாள். மாத்திரை அட்டைக்கு உள்ள மரியாதை டிஸ்க்குக்கு இல்லாமல் போகுமா?

திங்கட்கிழமை எல்லாம் ஒழுங்காக ஓடியது. மேனேஜர் சிரித்தார், அது அபூர்வம்.

புதன்கிழமை வினை வந்தது. விற்ற பம்புகளில் இருபது திரும்பி வந்திருந்தன. ஷாஃப்ட் நுழையும் துளை பெரிதாகிவிட்டதாம். வரைபடத்தில் அளவு தப்பு என்றார் பட்டறைத் தலைவர். வரைந்தவரை எல்லோரும் டிராயிங்காரர் என்பார்கள். ஐம்பது தாண்டியவர், அதிர்ந்து பேசாதவர். அந்த அளவைப் போன மாதமே திருத்திவிட்டேன், பட்டறையில் பழைய பிரிண்ட்டை வைத்துத் துளை போட்டிருக்கிறார்கள் என்றார். கோப்பைத் திறந்து பார்த்தார்கள். திருத்திய அளவுதான் இருந்தது. கடைசியாக மாற்றிய தேதி மட்டும் சனிக்கிழமை என்றது.

"பம்பு திரும்பி வருதுன்னு போன வெள்ளிக்கிழமையே தகவல் வந்துச்சு. மறுநாள் யாருக்கும் தெரியாம திருத்திட்டு, போன மாசம்னு கதை விடுறீங்களே" என்றார் பட்டறைத் தலைவர். வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் தராவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

விஷயம் அவள் காதுக்கு வந்தது. கோப்புப் பட்டியலைத் திறந்தாள். நாற்பதாயிரம் கோப்புக்கும் சனிக்கிழமைதான் தேதி. பழைய தேதியையும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லும் ஒரே ஓர் எழுத்து, கட்டளையில் விட்டுப்போயிருந்தது. மூன்று முறை படித்தவள், மூன்று முறையும் அதைப் பார்க்கவில்லை.

தேதி போனது நகலெடுத்ததால் என்று சொன்னால் மட்டும் போதாது; அவர் போன மாதம் திருத்தினார் என்பதற்கு அது சாட்சியாகாது. சத்தமில்லாமல் பழைய தேதிகளைப் போட்டு வைக்கலாம். ஆனால் எல்லோரும் பார்த்த தேதி எப்படி மாறியது என்று பழி மறுபடி அவர் தலையில்தான் விடியும். டிஸ்க்கையே மேசைமேல் வைக்க வேண்டும். வைத்தால் தன் கையெழுத்து பொய். அவளுக்குப் பயமாக இருந்தது. வியாழக்கிழமை முழுக்க இழுப்பறையைத் திறப்பதும் மூடுவதுமாகக் கழிந்தது.

வெள்ளிக்கிழமை காலை, மேனேஜர் அறையில் அவரும் பட்டறைத் தலைவரும் டிராயிங்காரரும் இருந்தபோது, டிஸ்க்கைக் கொண்டுபோய் அங்கிருந்த கம்ப்யூட்டரில் இணைத்தாள். திருத்தியது போன மாதம் நான்காம் தேதி. பட்டறைப் பதிவேட்டின்படி துளை போட்டது பன்னிரண்டாம் தேதி. பட்டறைத் தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இதை அழிச்சாச்சுன்னு கையெழுத்து போட்டிருக்கீங்களே" என்றார் மேனேஜர்.

"போட்டேன் சார். அழிக்கல. தேதி போனதும் என் தப்புதான்."

"அப்போ உங்க கையெழுத்தை நான் எப்படி நம்புறது?"

அவள் டிஸ்க்கைக் கழற்றி அவர் மேசைமேல் வைத்தாள்.

வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் மிச்ச நான்கு சர்வர்களும் வெளியாட்கள் கைக்குப் போயின. அவளுக்குத் தருவதாகச் சொன்ன மூன்று ஆட்களும் அவர்களுக்குக் கீழே சேர்ந்தார்கள். வெளியாட்களுக்குக் குறிப்பு எழுதித் தரச் சொன்னார் மேனேஜர். பதினாலு பக்கம் எழுதினாள். விட்டுப்போன எழுத்தை முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் போட்டாள்.

டிராயிங்காரர் இப்போதெல்லாம் அவளைக் கண்டால் எழுந்து நிற்கிறார். ஒருநாள் அவர் மேசையைக் கடக்கும்போது பார்த்தாள்: புது வரைபடத்தைப் பிரிண்ட் எடுத்து, மூலையில் பேனாவால் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கை சட்டென்று காகிதத்தை மூடியது.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா" என்றார்.

"எழுதுங்க சார்" என்றாள் அவள். "நானா இருந்தாலும் எழுதித்தான் வைப்பேன்."