ரசம் ஊற்றியவர்

வண்டியூரில் நடந்த என் அக்கா கல்யாணத்தில் ரசம் ஊற்றியவரின் பெயர் எனக்குத் தெரியாது. மெலிந்த உடம்பு. இடப்பக்க வயிற்றை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்வார். பந்தியில் அவர் குனிந்தபோது வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா முகம் சுளித்து, அந்த ஆளை அனுப்பிவிடும்படி எங்களிடம் சொன்னார்.

எங்கள் வீட்டில் படித்தவன் நான்தான். பக்குவமாகச் சொல்வதாக நினைத்து ஒரு நாற்காலி போட்டு, "அண்ணே, செத்த நேரம் உட்காருங்க" என்றேன்.

"எதுக்கு தம்பி? குடல்ல கேன்சர் வந்து வெட்டி எடுத்துட்டாக. வெளிக்குப் போறதுக்கு வயித்துல பை மாட்டியிருக்கேன். அது நெனச்ச நேரம் சத்தம் போடும். இந்தப் பந்தியில ஏப்பம் விடாத ஆள ஒருத்தரக் காட்டுங்க, நான் உட்காருறேன்."

வாளியோடு நேராகப் பெரியப்பாவிடமே போனார். "கையில வாங்குறீகளாண்ணே? சூடு பாத்துச் சொல்லுங்க. மருந்து ஏத்துனதுல என் வெரலு மரத்துப்போச்சு."

பந்தியே பார்த்தது. பெரியப்பா கையைக் குவித்து நீட்டினார். குடித்துவிட்டு, "சூடு சரியாத்தான் இருக்கு" என்று மெல்லச் சொன்னார்.

"அப்ப இன்னொரு கை வாங்குங்க."

கடைசிப் பந்தி வரை அவர்தான் ஊற்றினார். நான் போட்ட நாற்காலியில் காலி வாளியைக் கவிழ்த்து வைத்திருந்தார்.