பிரேசர் டவுன் வழியாக சான் பிரான்சிஸ்கோ

நகரின் தென்கோடியில் இருக்கும் ஹெப்பகோடியிலிருந்து வடகோடி விமான நிலையத்துக்குப் போகிறேன். மேம்பாலத்தில் நெரிசல் என்று ஓட்டுநர் காரை நகர நடுவிலுள்ள பிரேசர் டவுனுக்குள் திருப்புகிறார். அங்கும் ஒரு பேக்கரி வாசலில் வண்டி நின்றுவிடுகிறது.

"எவ்ளோ நேரம் சார் ஃப்ளைட்டு?"

"சான் பிரான்சிஸ்கோ. பதினாலாயிரம் கிலோமீட்டர், பதினேழு மணி நேரம். பையன் வீட்டுக்கு மூணாவது தடவை போறேன்."

பேச்சுவாக்கில், அடுத்த தெருவில் என் தங்கை இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். பார்த்து வருடக்கணக்காகிறது. அவள் கணவர் இறந்த அன்றுகூட டிராஃபிக் என்று சொல்லி வீடியோவில்தான் அழுதேன். அந்த வெட்கத்தில் பிறகும் போகவில்லை.

"அப்போ அமெரிக்கா கிட்ட இருக்கு, பிரேசர் டவுன்தான் தூரம்." கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து கார் ஓட்டுகிறவர் அவர். "ஓரமா நிறுத்தட்டா சார்? தலையக் காட்டிட்டு வந்துடுங்க."

"ஃப்ளைட் போயிடும்பா."

கைப்பேசியில் ஒரு செய்தி வருகிறது. விமானம் நான்கு மணி நேரம் தாமதமாம்.

"என்ன சார், வீட்லேர்ந்தா?"

"ஏதோ விளம்பரம்," என்கிறேன். "நீங்க சீக்கிரம் போங்க, நேரமாகுது."