ஐஸுக்குள்ளும் துருப்பிடிக்கும்

வானத்திலிருந்து விழுந்த கல்லைப் பற்றிப் படிக்கிறேன் என்று சொன்னால் எங்கள் கடலோர ஊரான கற்பிட்டியில் எவரும் நம்புவதில்லை. "கல்லப் படிக்க ஏன் புள்ள பல்கலைக்கழகம்?" என்று கேட்பார்கள். அதுவும் தென்துருவத்துப் பனியிலிருந்து பொறுக்கி எடுத்த கல் என்றால், சிரித்தே கொன்றுவிடுவார்கள். சிரிக்கட்டும். எனக்கு வேறு வேலை இருக்கிறது.

அப்படியான ஒரு கல்லின் மெல்லிய சீவலை எங்கள் விரிவுரையாளர் எங்கிருந்தோ இரவல் வாங்கி வந்து, ஈரம் புகாத பெட்டிக்குள் வைத்திருந்தார். அதை முதல் தடவை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, கல்லுக்குள் வெள்ளியாய் மினுங்கும் இரும்புப் பொட்டுகள் தெரிந்தன. ஒவ்வொரு பொட்டையும் சுற்றிப் பழுப்பு வளையம். துரு! எங்கள் வீட்டுக் கேட்டில் வாப்பா சுரண்டிச் சுரண்டி அலுத்துப்போன அதே துரு. ஆயிரமாயிரம் வருஷம் பனிக்குள் கிடந்த கல்லுக்கு எங்கிருந்து வந்தது இந்தச் சைத்தான் என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

குளிரில் எதுவும் கெடாது என்றுதான் அதுவரை நானும் நினைத்திருந்தேன். விரிவுரையாளர்தான் விளக்கினார். கல்லைச் சுமந்த பனி மெல்ல நகர்ந்து போய் மலையில் முட்டுகிறது. அங்கே காற்று மேற்பனியைத் தேய்த்துத் தேய்த்துக் கல்லை வெளியே கொண்டுவருகிறது. கறுத்த கல், வெயில் பட்டால் சூடேறும். சுற்றிலும் காற்று உறைகுளிராக இருந்தாலும், கல்லோடு ஒட்டிய பனி துளியளவு உருகும். அந்தத் துளி வெடிப்பு வழியே உள்ளே போகும். கடற்காற்று கொண்டுவந்து போட்ட உப்பும் கூடவே போகும். பிறகென்ன, இரும்பைத் தின்னத் தொடங்கிவிடும். சில கற்களின் மேல் வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்தும் நிற்கும். மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் நடக்கும். கல்லை வெளியே எடுத்து ஈரக்காற்றில் விட்டால் வேகம் கூடும் என்பதும் உண்மை. அதற்காகத்தான் அந்தப் பெட்டி.

இதை மேற்கொண்டு படிக்க ஒரு குளிர்நாட்டில் எனக்கு இடம் கிடைத்தது. அந்தச் சூட்டோடு ஒரு சம்பந்தமும் வந்தது. மாப்பிள்ளையின் தாயும் தாய்மாமாவும் ஒரு பின்னேரம் வீட்டுக்கு வந்தார்கள். மாமா மீன் லொறிகள் ஓடவிடும் ஹாஜியார்; நல்ல கதைகாரர்.

"மகள் என்னமோ ஐஸ் கல்லு படிக்கிறாவாமே?" என்று கேட்டார். சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். கேட்டு முடித்துவிட்டுத் தொடையில் தட்டினார்.

"பாத்தீங்களா! ஐஸுக்குள்ள கிடக்கும் வரைக்கும் நல்லா இருக்கு, வெளிய எடுத்தாத்தான் கெடுது. மீனுக்கு நாங்க இதத்தானே செய்றம்? பொம்புளப் புள்ளயும் அப்பிடித்தான் மகள். கலியாணத்த முடிச்சிட்டு ஊரோட இருங்க. குளிர் நாடெல்லாம் என்னத்துக்கு?"

மாப்பிள்ளையின் தாய் தலையாட்டினார். வாப்பாவும் ஆட்டினார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டில் வந்து குடியிருப்பார். வீடு எங்களுடையது, வரப்போகிறவர் அவர், அடங்கி இருக்கச் சொல்வது என்னை!

"ஐஸுக்குள்ளயும் துருப்பிடிக்கும் மாமா," என்றேன். "அதத்தானே இவ்வளவு நேரமும் சொன்னன். வெளிய பாத்தா ஒண்டும் தெரியாது, உள்ளுக்குள்ள தின்னும். சரி, கல்ல விடுங்க. உங்கட மீன் ஐஸுக்குள்ள எத்தின நாளைக்குத் தாங்கும்?"

திரைச்சீலைக்குப் பின்னால் உம்மா சிரித்துவிட்டு, அதை இருமலாக மாற்றினார்.

"புள்ளைக்கு வாய் கொஞ்சம் கூட," என்று சொல்லிக்கொண்டே மாப்பிள்ளையின் தாய் எழும்பினார். போகும்போது ஹாஜியார் வாப்பாவின் தோளைப் பிடித்து, "படிப்பா, கலியாணமா, ரெண்டுல ஒண்டு. யோசிச்சுச் சொல்லுங்க," என்றார்.

அவர்கள் போனதுதான் தாமதம், வாப்பா என் மேல் பாய்ந்தார். "உன்ன ஆரு கதைக்கச் சொன்ன? இனி ஆரு வருவான் இந்த வீட்டுக்கு?"

"வராட்டிப் போகட்டும்."

"ஊர விட்டுப் போனா என்னெண்டு உனக்குத் தெரியுமா?" குரல் உடைந்துவிட்டது. "எண்ட புள்ள ஒண்டும் ஊர விட்டுப் போகப்படாது. அவ்வளவுதான்."

வாப்பா மன்னார்க்காரர். தொண்ணூறாம் ஆண்டு, போர்க்காலத்தில், ஆயுதம் ஏந்திய இயக்கத்தார் வடக்கு முஸ்லிம்களையெல்லாம் வெளியேறச் சொன்னபோது, ஒரு உடுப்புப் பையோடு வள்ளத்தில் ஏறி இந்தக் கரையில் வந்து இறங்கியவர். நான் கண்டிக்குப் படிக்கப் போனதற்கே நித்திரை கொள்ளாமல் கிடந்த மனிதர். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவம் பார்த்து விட்டுக்கொடுக்க மட்டும் மனம் வரவில்லை.

"உங்களப் போகச் சொன்னதும் ஆரோ. என்ன இருக்கச் சொல்றதும் ஆரோ. என்ன வித்தியாசம் வாப்பா?" என்றேன். "அண்டைக்கு உங்களிட்ட ஒருத்தரும் கேக்கல்ல. நீங்களாவது என்னட்டக் கேளுங்க."

உம்மா வெளியே வந்து நின்றார். வாப்பா கதிரையில் உட்கார்ந்தார். நெற்றியைத் தேய்த்தார். என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"நீ என்ன சொல்ற?"

"போறன் வாப்பா."

போனை எடுத்தார். "ஹாஜியார், மகள் படிக்கப் போறா. குறை நினைக்காதீங்க," என்றார். மற்றப் பக்கத்தில் ஏதோ நீளமாகச் சொன்னார்கள். "ஓம், வாய் கூடத்தான்," என்றார் வாப்பா. "என்ன செய்ய, எண்ட புள்ள."

போனை வைத்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"நாங்க அழுதழுது வந்தம்," என்றார். "நீ சிரிச்சிட்டுப் போ."

அந்தப் பேச்சையும் நான் கேட்கவில்லை. அவர் மடியில் முகத்தைப் புதைத்து ஓவென்று அழுதேன்.